கண்ணின் ஆப்பிள்

கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார் என் கணவர். முடிச்சு கோணலாக விழுந்தது. அவிழ்த்தார், கட்டினார், திரும்ப அவிழ்த்தார். வழக்கமாக எங்கள் மகள்தான் கட்டிவிடுவாள். "அப்பா, அசையாம நில்லுங்க, நீங்க என்ன கல்யாண மாப்பிள்ளையா?" என்று கழுத்தைப் பிடித்து நேராக்குவாள். நான் போய் அவர் பின்னால் நின்றேன்.

"இன்னைக்குச் சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன்."

"எப்ப?"

"அறிவிப்பு நேரத்துல சொல்றேன்னு நேத்தே சொன்னேன்ல. ஏன் என் உயிரை வாங்குற?"

உயிரை வாங்குகிறேனாம். வியாழக்கிழமை காலையிலிருந்து என் உயிர் எந்தத் தெருவில் அலைகிறதென்று எனக்கே தெரியவில்லை, இதில் இவர் உயிரை வாங்கி நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

அன்று காலையில் அவள் அறைக் கதவைத் தள்ளினேன். படுக்கை மடித்து வைத்திருந்தது. பல வாரங்களாக அந்தப் படுக்கையை யாரும் மடிக்கவில்லை, அவள் அதில்தான் கிடந்தாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. "உங்க பொண்ணு குத்தினா குத்தினதே தெரியலைம்மா" என்று வழியில் பார்க்கிறவர்கள் என்னை நிறுத்திச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் முதலில் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு குளிப்பதை நிறுத்தினாள். பிறகு பேச்சும் நின்றது. வைத்த தட்டு வைத்தபடி திரும்பி வரும். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாங்க" என்று நான் சொன்னபோதெல்லாம் இவர் "ஜெபம் பண்ணுவோம், சரியாயிடும்" என்றார். ஒருநாள் நான் விடாமல் பிடித்துக்கொண்டதும் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. "மேடையில நிக்கிறவன் வீட்லயே இப்படியான்னு நாலு பேர் பேசணுமா? நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா?" அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவர்கள் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருவேன்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பர்ஸையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பழுப்பு ஸ்வெட்டரும் செருப்பும் மட்டும் இல்லை. பர்ஸை எடுக்காமல் ஒரு பெண் எங்கே போவாள்? அதற்கு என் மனசு சொன்ன பதிலை நான் இவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு ஏறி இறங்கினேன். பேருந்து நிலையத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தேன். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் பேனாவை மூடியபடி "மேஜர் பொண்ணுதானேம்மா, கோபம் தணிஞ்சா தானா வந்துடும்" என்றார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் ஏன் இப்படித் துடிக்கப்போகிறேன்? அவள் கோபப்பட்டே எவ்வளவோ காலமாகிவிட்டது.

மிச்சமிருந்த ஒரே வழி எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் பஸ் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள், நர்ஸுகள் இருப்பார்கள், மருந்துக்கடைக்காரர், காய்கறி விற்கிறவர், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர் எல்லாரும் இருப்பார்கள். ஊரில் அவர்கள் கண் படாத மூலை கிடையாது. ஒருவராவது பார்த்திருப்பார். வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் இந்த மனிதர் மானம், மானம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் வாயைத் திறப்பதுதான் இவர் பேர்வாங்கிய வேலை. மற்ற நாட்களில் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து போதகர் யாராவது வந்தால் மேடையில் அவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வார். சபையில் இவருக்கு 'எதிரொலி அண்ணன்' என்றே பேர். வீட்டில் நான் ஒன்று சொன்னால் எந்த எதிரொலியும் வராது, அது தனிக் கதை. இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. 'அவர் சொல்கிறார்' என்ற பேச்சே வரக்கூடாது. போதகர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கையை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார், அவர் குரல் தழுதழுத்தால் இவர் குரலும் தழுதழுக்கும். இப்படியாக என் கணவருக்கு மேடையில் இரண்டு தடவை புற்றுநோய் வந்து குணமாகியிருக்கிறது. குடித்துச் சீரழிந்து திருந்தியிருக்கிறார். சிறைக்குப் போய் வந்திருக்கிறார். ஒருமுறை "என் முதல் மனைவி என்னை விட்டுப் போனபோது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலும் கடைசியுமான மனைவி நான் கீழே உட்கார்ந்து சிரிப்பை அடக்கப் பாடாய்ப் பட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மேடையில் அவர் சொல்கிற 'நான்' அவர் இல்லை என்பது எங்கள் சபையில் குழந்தைக்கும் தெரியும்.

அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. வந்திருந்த போதகர் வேடிக்கையாகப் பேசுவார் என்று பேர் வாங்கியவர், முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். என் பக்கத்தில் தையல்காரம்மா வந்து உட்கார்ந்தாள். என் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவள் அவள்.

"பாப்பா வரலையாக்கா?"

"காய்ச்சல்."

"போன வாரமும் காய்ச்சல்னுதானே சொன்னீங்க? நல்லா கசாயம் வச்சுக் குடுங்கக்கா."

தலையாட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், பிறகு இந்தப் பொய் தேவையில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அறிவிப்பு நேரம் வந்தது. இவர்தான் மைக்கைப் பிடித்தார். சாயங்காலம் வாலிபர் கூட்டம் இருக்கிறதென்றார். போன வாரம் யாரோ விட்டுப்போன கறுப்புக் குடை அலுவலகத்தில் இருக்கிறது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும் என்றார். ஒரு சகோதரருடைய சாவிக்கொத்தைக் காணவில்லை, கண்டவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும் என்றார். அப்புறம் தாளை மடித்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தபடி மைக்கை எங்கள் சபைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். எவனோ தொலைத்த சாவிக்கொத்துக்கு வாய் வந்தது, பெற்ற மகளுக்கு வரவில்லை. அந்த நிமிஷம் அந்த மனிதரை நான் வெறுத்தேன். கூட்டம் முடிவதற்குள் நானே எழுந்து கத்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அந்த மண்டபத்தில் நான் ஒருநாளும் நாலு வார்த்தை சத்தமாகப் பேசினதில்லை. எழுந்திரு எழுந்திரு என்று எனக்கே சொல்லிக்கொண்டு நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன்.

போதகர் பேச ஆரம்பித்தார். இவர் பக்கத்தில் நின்று தொடங்கினார்.

"நாங்கள் தினமும் பேசுகிற ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் வேதாகமத்திலிருந்து வந்தவை. பேசுகிற எங்களுக்கே அது தெரியாது. ஆலய வாசலை மிதிக்காதவன்கூடக் காலையில் எழுந்ததும் வேதத்தைத்தான் பேசுகிறான்."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு லாரி மோதாமல் தப்பினால் அவர்கள் ஊரில் 'பல்லின் தோலால் தப்பினேன்' என்பார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். "பல்லுக்கு ஏது தோலுன்னு கேக்காதீங்க" என்று இவர் சொந்தமாக ஒரு வரி சேர்த்தார், அப்படிச் சேர்ப்பது இவர் வழக்கம்தான். "யோபு சொன்னது. பிள்ளைகளையெல்லாம் இழந்து, எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தவர் சொன்னது. நாம் மயிரிழையில் தப்பினேன் என்கிறோமே, அதுதான்." பிள்ளைகளையெல்லாம் இழந்து என்று சொன்ன இடத்தில் இவர் கொஞ்சம் தடுக்கினார். அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அடுத்தது சுவர். ஒரு கம்பெனி முழுகப்போகிறது, ஒரு குடும்பம் உடையப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் 'சுவரில் எழுதியிருக்கிறது' என்பார்களாம். ராஜா ஒருவன் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கை மட்டும் வந்து சுவரில் எழுதியதாம். பார்த்தவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. விடிவதற்குள் ராஜ்யம் போய்விட்டது. பாவி நான், என் மகள் எத்தனை வாரமாக அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது அவளோடு சேர்ந்து படுத்து அந்தச் சுவரைப் பார்த்திருக்கலாம். மேடையில் இவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பாதி தண்ணீர் டையில் கொட்டியது.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவனைக் 'கையைக் கழுவிக்கொண்டான்' என்பார்கள் என்று போதகர் குழாயடியில் கழுவுவதுபோலக் கைகளைத் தேய்த்துக் காட்டினார். கூட்டத்தில் "இதை நாமளும்தான் சொல்றோம்" என்று முணுமுணுப்பு எழுந்தது. இப்படி ஒரு பேச்சு வந்தால் பிடித்துக்கொண்டு ஒரு வரி சேர்ப்பதில் இவர் கெட்டிக்காரர். ஆனால் ஒன்றும் சேர்க்கவில்லை. போதகர் கையைத் தேய்த்தார், இவர் கை மட்டும் மைக்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

பிறகு போதகர் இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டார்.

"மிகவும் பிரியமானவர்களை நாங்கள் 'என் கண்ணின் ஆப்பிள்' என்கிறோம்." கூட்டம் மறுபடி சிரித்தது. "ஆப்பிள் என்றதும் கடைக்குப் போய்விடாதீர்கள். கண்மணி. இதுவும் வேதத்தில் உள்ளதுதான்." போதகர் நெஞ்சில் கை வைத்தார், இவரும் வைத்தார். "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் என் கண்மணி. உலகத்தில் எங்கே இருந்தாலும், காலையில் எழுந்ததும் நான் முதலில் கேட்பது அவள் குரலைத்தான்."

போதகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தார். இவர் நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமை காலையில கேக்கல."

'கேட்கவில்லை' என்று சொல்லவில்லை. மேடைத் தமிழ் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சமையலறையில் பேசுகிற குரல் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது.

"அவ ரூமுக்குப் போனேன். படுக்கையை மடிச்சு வச்சிட்டுப் போயிட்டா. போன் இருக்கு, பர்ஸ் இருக்கு, அவ இல்ல. பல வாரமா சாப்பிடல, பேசல. அவங்கம்மா டாக்டர்கிட்ட போகலாம் போகலாம்னு அடிச்சுக்கிட்டா. நான்தான் வேண்டாம்னேன். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நெனச்சேன். அசிங்கமாம்! பிள்ளை உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தா, எனக்கு அசிங்கம்." மூச்சு வாங்கினார். "பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பா. ஒல்லியா இருப்பா. இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். யாராவது பாத்தீங்களா? பஸ்ல, ரோட்டுல, ஆஸ்பத்திரியில, எங்கயாவது? பாத்திருந்தா இப்பவே சொல்லுங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன். என் மகளைக் காணோம்."

சொல்லிவிட்டார். ஐயோ, ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அதுவரை இருந்த வெறுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மண்டபத்தில் அங்கங்கே பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். யாராவது என் பக்கம் திரும்புவார்கள், யாராவது எழுந்து ஓடி வருவார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் போதகர் மேல் இருந்தது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தையல்காரம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன் பாத்தீங்களாக்கா? பெத்த பொண்ணைக் காணாம தவிச்சுக்கிட்டு, அப்பவும் நமக்காகக் கடல் தாண்டி வந்திருக்காரே!"

அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். "அது எங்க பாப்பாடி! நம்ம பாப்பா!"

"ஆமாக்கா" என்றாள் கண்ணீரோடு. "எல்லாப் பிள்ளையும் நம்ம பிள்ளைதானேக்கா." கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ வருஷமாக இவர் அவர்களைப் பழக்கி வைத்திருந்தது அப்படி. மேடையில் போதகர் கூட்டம் அழுவதைப் பார்த்துத் தன் பேச்சு இவ்வளவு வேலை செய்ததா என்று மலைத்து நின்றார். பாஸ்டர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில், உங்கள் மகள், காணவில்லை, நாங்கள் ஜெபம் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. போதகரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. இவர் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார், தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். இவரோ இருந்த பலத்தையெல்லாம் அந்த நாலு வரியில் செலவழித்துவிட்டு வெறுமனே நின்றார். போதகர் அவசரமாகப் போனை எடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்து பின்னால் திரும்பியபோதுதான் அவரைப் பார்த்தேன். கடைசி வரிசையில், கதவோரமாக, ரயில்வே கேட் காவலாளி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடிக் கையை விரித்திருக்க, அவர் மட்டும் கண்ணைத் திறந்தபடி, பள்ளிக்கூடத்தில் பதில் நிச்சயமில்லாத பிள்ளை மாதிரி ஒரு கையைப் பாதி தூக்கியிருந்தார். பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். அந்த ஆள் மேடையைக் காட்டினார். காவலாளி குழம்பினாற்போலப் போதகரைப் பார்த்தார், ஆனால் கை இறங்கவில்லை.

ரயில்வே கேட். நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு அவரை நோக்கி நகர்ந்தேன்.

அதற்குள் பின்னால் மண்டபமே வெடித்ததுபோல ஒரு கூச்சல். திரும்பிப் பார்த்தேன். போதகர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார், போனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். கேமராக்காரர் அதை அப்படியே பெரிய திரையில் காட்டினார். செம்பட்டை முடி கலைந்து கிடக்க, வாயில் பல் தேய்க்கும் பிரஷோடு, யாரோ ஒரு பெண் திருதிருவென்று விழித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

"கிடைச்சிட்டா! கிடைச்சிட்டா! அல்லேலூயா!"

நாற்காலிகள் சாய்ந்தன. டிரம்ஸ் முழங்கியது. யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கேட்ட உடனே பதில் வந்த ஜெபம், கண்ணால் பார்த்த அற்புதம், இனி ஒரு வருஷத்துக்கு இதையே பேசுவார்கள். நான் "என் பொண்ணு, அது என் பொண்ணு" என்று கத்தினேன். என் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். உதறிவிட்டு நகர்ந்தேன்.

காவலாளியின் கை இறங்கிவிட்டிருந்தது. திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனார். வேலைக்கு நேரமாகியிருக்கும். வாசல்படியில் அவரை எட்டிப் பிடித்தேன். சட்டைக் கையைத்தான் பிடிக்க முடிந்தது.

"அண்ணே, கையைத் தூக்குனீங்களே, எதுக்கு?"

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். திரும்பச் சொன்னேன்.

"ஓ, அதுவாம்மா." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "பழுப்பு ஸ்வெட்டர்னு சொன்னாரா, எனக்குச் சட்டுனு ஒரு பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. அது வேற யாரோ, நம்ம ஊர்ப் பொண்ணு. விடுங்கம்மா. அதான் இவரு மக கிடைச்சிட்டாளே!"

எங்கே, எப்போது, எப்படி இருந்தாள் என்று கேட்க வாயைத் திறந்தேன். தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் போதகர் ஒரு வரி சொன்னார். கூட்டம் அடங்கியது, தமிழுக்காகக் காத்திருந்தது. ரொம்ப நேரம் காத்திருந்தது. பிறகு என் கணவரின் குரல், மேடைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"என் மகள்... வீட்டில்... பத்திரமாக இருக்கிறாள்."

மண்டபம் மறுபடி ஆர்ப்பரித்தது. காவலாளியும் முகம் மலர்ந்து, எல்லாரோடும் சேர்ந்து கைதட்டுவதற்காகத் தன் கையை என் பிடியிலிருந்து மெல்ல உருவப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.